இடாகினி முதல் அம்புலிமாமா வரை: சூனியக்காரியின் முகம்

2021-ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்றவர்கள் 102 பேர். அந்தப் பட்டியலில் இரண்டு பெயர்களை நான் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். ஒருவர் கே.சி.சிவசங்கரன். அம்புலிமாமா 'சங்கர்' என்றால் நம் வயதுக்காரர்களுக்குச் சட்டென்று தெரியும். விக்கிரமாதித்தனையும் அவன் தோளில் தொங்கிய வேதாளத்தையும் வரைந்தவர். 2020 செப்டம்பரில் 96 வயதில் காலமானார். மறைவுக்குப் பிறகுதான் விருது வந்தது. இன்னொருவர் ஜார்க்கண்ட் மாநிலத்தின் சுட்னி தேவி. இவர் ஓவியரும் இல்லை, எழுத்தாளரும் இல்லை. 'டாயன்', அதாவது சூனியக்காரி என்று ஊராரால் முத்திரை குத்தப்பட்டு விரட்டப்பட்ட பெண்.

பேய் பிசாசை வரைந்த கைக்கும், பேய் என்று சொல்லி அடிக்கப்பட்ட பெண்ணுக்கும் ஒரே ஆண்டில் ஒரே விருது. யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. ஆனால் இந்த மாவட்டத்துப் பள்ளிகளில் முப்பது வருஷத்துக்கு மேல் டிராயிங் மாஸ்டராக இருந்தவனுக்கு, இரண்டையும் சேர்த்து யோசிக்காமல் இருக்க முடியவில்லை. படக்கதையில் வருகிற சூனியக்காரிக்கு அந்த முகம் எங்கிருந்து வந்தது? அதற்கு முன் நம்மிடம் என்ன முகம் இருந்தது? இதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

முதலில் சொல்லிலிருந்து தொடங்குகிறேன். வடக்கே 'டாயன்' என்பது சமஸ்கிருத 'டாகினி'யிலிருந்து வந்த சொல். அந்த டாகினி நமக்கும் பழைய ஆள்தான். சிலப்பதிகாரத்தில், கனாத்திறம் உரைத்த காதையில், 'இடாகினி' என்ற பெயரில் வருகிறாள். மாலதி என்ற பெண் தன் மாற்றாளின் குழந்தைக்குப் பால் கொடுக்கிறாள். பால் விக்கிக் குழந்தை இறந்துபோகிறது. கணவனும் மாற்றாளும் தன்மேல் பழி போடுவார்களே என்று பயந்து, இறந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோயில் கோயிலாக ஓடுகிறாள். கடைசியில் பாசண்டச் சாத்தன் கோயிலில் வரம் கேட்டுக் கிடக்கிறாள். அங்கேதான் இடாகினிப் பேய் வருகிறது. எப்படி வருகிறது என்று பாருங்கள். கூன் விழுந்த கிழவியாக அல்ல. அழகான இளம்பெண்ணாக வருகிறது. பேச்சுக் கொடுத்தே குழந்தையை வாங்கிக்கொண்டு போய்த் தின்றுவிடுகிறது. பிறகு சாத்தனே குழந்தையாக வந்து மாலதியின் துயரைத் தீர்க்கிறான்.

இந்தக் கதையில் எனக்குப் பேயைவிட மாலதிதான் கண்ணில் நிற்கிறாள். ஒரு குழந்தை செத்தால், பக்கத்தில் இருந்த பெண்ணின் மேல்தான் ஊரின் கண் விழும் என்பது இளங்கோவடிகளுக்குத் தெரிந்திருக்கிறது.

அடுத்தது கலிங்கத்துப்பரணி. முதற்குலோத்துங்கன் காலத்தில், 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஜெயங்கொண்டார் பாடியது. அதில் பாதி நூல் பேய்களின் ராஜ்யம். பசியால் வற்றிப்போன பேய்கள், தலைவி காளியிடம் முறையிடும் பேய்கள், போர்க்களத்தில் கூழ் அட்டுக் குடிக்கும் பேய்கள். களியும் கூழும் உண்டு வளர்ந்த நம் ஜில்லாக்காரர்களுக்கு அந்தக் கூழ் காய்ச்சும் பகுதி தனி ருசி. எந்தப் பேய்க்கு எப்படி ஊற்ற வேண்டும் என்பதுவரை பக்குவம் உண்டு. இதே நூலில் 'இந்திரசாலம்' என்று ஒரு பகுதி. காளிக்குப் பயந்து இமயத்துக்கு ஓடிப்போன முதுபேய் ஒன்று, அங்கே மாய வித்தை கற்றுத் திரும்பி வந்து செய்து காட்டுகிறது. வெறுங்கையில் யானைத் தலை, கண் முன்னால் ரத்த ஆறு. பசித்த பேய்கள் நிஜமென்று நம்பி அள்ளிக் குடிக்கப் பாய்கின்றன. கையில் ஒன்றும் இல்லை. ஒன்றன்மேல் ஒன்று விழுந்து புரண்டு, போதும் நிறுத்து என்று கெஞ்சுகின்றன. இதைப் படமாகப் போட்டால் இன்றைக்கும் நாற்பது பக்கப் படக்கதை தாராளமாகத் தேறும்.

தமிழில் 'சூனியம்' என்ற சொல்லைக் கவனித்திருக்கிறீர்களா? ஒன்றுமில்லாதது என்பதும் அதுதான், பில்லி ஏவல் என்பதும் அதுதான். முதுபேய் காட்டிய வித்தையும் இரண்டு அர்த்தத்திலும் சூனியம்.

மூன்றாவதாக ஒரு முகம். இது செம்பில் வார்த்தது. காரைக்கால் அம்மையாரின் பழைய வெண்கலச் சிலைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: எலும்பு தெரியும் மார்பு, வற்றிய முலை, குழி விழுந்த கன்னம், கையில் தாளம். வெளிநாட்டுப் படக்கதை ஒன்றில் இந்த உருவம் வந்தால் சூனியக்காரி என்றே எவரும் நினைப்பார்கள். அம்மையாரும் தம் பாடல்களில் தம்மைக் காரைக்காற்பேய் என்றுதான் சொல்லிக்கொள்கிறார். சிவன் கோயில்களில் வரிசையாக நிற்கும் அறுபத்துமூவரில் உட்கார்ந்திருப்பவர் அவர் ஒருவர்தான். கிழடு தட்டிய, சதையற்ற பெண்ணுடம்பை இப்படி வணங்கியது நம் மரபு.

படங்களால் கதை சொல்வதும் நமக்குப் புதிதல்ல. தருமபுரி அகழ்வைப்பகத்துக்குப் போய் நடுகற்களைப் பாருங்கள். நடுகற்களில் அடுக்கடுக்காகச் செதுக்கிய வகை ஒன்று உண்டு: கீழ்க் கட்டத்தில் வீரன் சண்டை போடுவான், நடுக் கட்டத்தில் தேவமாதர் அவனைத் தூக்கிப் போவார்கள், மேல் கட்டத்தில் அவன் தெய்வத்தின் பக்கத்தில் இருப்பான். கீழிருந்து மேலே படிக்க வேண்டிய படக்கதை அது. கோட்டைக் கோயிலில் காமாட்சி அம்மன் சந்நிதியின் அடித்தளத்தைச் சுற்றி ராமாயணக் காட்சிகள் சின்னச் சின்னதாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயில் மண்டபத்து விதானத்தில் இதிகாசக் காட்சிகள் ஓவியமாக இருக்கின்றன. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக் கதையைக் கண்டுபிடிக்க வேண்டும். மாணவர்களை இந்த இடங்களுக்கு அழைத்துப் போகும்போது, 'இதுதாண்டா நம்ம ஊர் காமிக்ஸ்' என்பேன். சிரிப்பார்கள், ஆனால் அதற்கப்புறம் ஒழுங்காகப் பார்ப்பார்கள்.

இனி அச்சுக்கு வருவோம். 1947 ஜூலையில், சுதந்திரத்துக்கு ஒரு மாதம் முன்பு, நாகிரெட்டியும் சக்கரபாணியும் சென்னையிலிருந்து தெலுங்கில் 'சந்தமாமா'வையும் தமிழில் 'அம்புலிமாமா'வையும் தொடங்கினார்கள். இவர்களேதான் பிறகு விஜயா நிறுவனத்தின் பேரில் 1951-ல் 'பாதாள பைரவி'யையும் 1957-ல் 'மாயா பஜா'ரையும் எடுத்தவர்கள். எஸ்.வி.ரங்காராவின் மந்திரவாதியைத் திரையில் பார்த்துவிட்டு வந்த சிறுவனுக்கு, அதே மந்திர உலகம் மாதாமாதம் பத்திரிகையிலும் கிடைத்தது. நமக்கு இது இன்னும் நெருக்கம். நம் பக்கத்தில் தெலுங்கும் கன்னடமும் பேசும் குடும்பங்கள் நிறைய. ஒரே தெருவில் ஒரு வீட்டில் அம்புலிமாமா, இன்னொரு வீட்டில் உறவினர் கொண்டுவந்த சந்தமாமா. படம் ஒன்றுதான், எழுத்து மட்டும் வேறு. படத்தை வைத்துக்கொண்டே இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் கதை பேசுவோம்.

அட்டைப் படங்களில் 'வபா' என்று கையெழுத்திட்ட வட்டாதி பாப்பய்யா. தாசரி சுப்பிரமணியம் எழுதிய மாயாஜாலத் தொடர்களுக்கு 'சித்ரா'. வேதாளக் கதைகளுக்குச் சங்கர். சங்கர் சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, கலைமகளில் வேலை பார்த்து, 1952-ல் அம்புலிமாமாவில் சேர்ந்தார். அங்கே ஏறக்குறைய அறுபது வருஷம் வரைந்தார்.

வேதாளக் கதை மூலத்தில் இருபத்தைந்துதான். 11-ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் எழுதிய கதாசரித்சாகரத்தில் அவை இருக்கின்றன. அங்கே பிணம் தொங்குவது சிம்சுபா மரத்தில். தமிழுக்கு வரும்போது அது முருங்கை மரமாகிவிட்டது. வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறியது என்று இன்றைக்கும் வீட்டில் சொல்கிறோமே, அது. அம்புலிமாமா அந்த இருபத்தைந்தோடு நிற்காமல், புதுக் கதைகளை எழுதி மாதம் ஒன்று வீதம் பல நூறாக வளர்த்தது. தொடக்கமும் முடிவும் மாறவே மாறாது. அரசன் பிணத்தைச் சுமந்து நடப்பான், வேதாளம் கதை சொல்லிக் கேள்வி கேட்கும், பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும், சொன்னால் மௌனம் கலைந்து வேதாளம் பறந்துபோகும்.

சங்கர் அதை வரைந்த விதத்தை, ஓவியம் கற்றவன் என்ற முறையில் கொஞ்சம் சொல்கிறேன். அரசனின் முழங்கால் மடங்கியிருக்கும், முதுகு கொஞ்சம் முன்னால் வளைந்திருக்கும். சுமை எவ்வளவு கனம் என்பது காலிலேயே தெரியும். கையில் உருவிய வாள். காலடியில் மண்டையோடு. பயமுறுத்த வேண்டியதெல்லாம் அந்த இருட்டில் இருக்கிறது. ஆனால் அரசனின் முகத்தில் பயம் இல்லை, யோசனைதான் இருக்கும். பார்க்கிற பையனும் பயப்படுவதை மறந்து, கேள்விக்குப் பதில் தேட ஆரம்பித்துவிடுவான். சங்கரின் வேதாளம் யாரைப் போலவும் இருக்காது. நம் தெருவில் அந்தச் சாயலில் ஒருவரும் கிடையாது. அது சுடுகாட்டுக்குச் சொந்தம், கதைக்குச் சொந்தம். பத்திரிகையை மூடினால் அதோடு போய்விடும்.

சூனியக்காரி அப்படியல்ல. அம்புலிமாமாவிலும் மந்திரக் கிழவிகள் வராமல் இல்லை. 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ், 1984-ல் லயன் காமிக்ஸ், அதே ஆண்டு ராணி காமிக்ஸ் என்று வந்தபோது வெளிநாட்டுச் சித்திரங்கள் வீட்டுக்குள் வந்தன. நான் வாத்தியாராகி விட்ட பிறகும் மாணவர்களிடம் பறிமுதல் செய்ததைத் திருப்பிக் கொடுக்குமுன் படித்துவிடுவேன். லீ ஃபாக் உருவாக்கிய முகமூடி வீரர் ஃபான்டம், தமிழில் 'வேதாளர்' ஆனதும் இந்த வழியில்தான். சுடுகாட்டு வேதாளத்தின் பெயர் ஆப்பிரிக்கக் காட்டு வீரனுக்குப் போனது ஒரு வேடிக்கை. அதோடு வெளிநாட்டுச் சூனியக்காரியும் வந்து சேர்ந்தாள்: வளைந்த மூக்கு, கூர்த் தொப்பி, நீண்ட துடைப்பம், கொதிக்கும் கொப்பரை.

1990-களில் ஒருமுறை எட்டாம் வகுப்பில் 'சூனியக்காரி' என்று தலைப்புக் கொடுத்து வரையச் சொன்னேன். பாதிப் பேர் கூர்த் தொப்பி போட்டிருந்தார்கள். துடைப்பத்தின்மேல் உட்கார்ந்து பறக்க விட்டிருந்தார்கள். நம் வீட்டுச் சீமாறு எவ்வளவு நீளம்? அதில் எவள் ஏறி உட்கார முடியும்? ஒரு பெண்பிள்ளைகூடத் தான் பார்த்த துடைப்பத்தை வரையவில்லை. படத்தில் பார்த்ததைத்தான் வரைந்தார்கள்.

அந்தப் படத்துக்குப் பின்னால் பெரிய சரித்திரம் இருக்கிறது. ஐரோப்பாவில் அச்சு இயந்திரம் வந்த சூட்டோடு, 1486-87-ல், கிராமர் என்ற பாதிரியார் சூனியக்காரிகளைக் கண்டுபிடித்துத் தண்டிப்பது எப்படி என்று ஒரு நூல் வெளியிட்டார். 1489-ல் மோலிட்டர் என்ற சட்ட அறிஞர் எழுதிய நூல்தான் இவ்விஷயத்தில் படங்களோடு வந்த முதல் அச்சு நூல். அந்த மரக்கட்டைப் படங்களை நான் பார்த்திருக்கிறேன். ஒன்றில் மூன்று பெண்கள் மரத்தடியில் மேசை போட்டுச் சாப்பிடுகிறார்கள். அவ்வளவுதான். உடை, முகம் எல்லாம் அந்த ஊர் பெண்களைப் போலவே. பார்க்கிறவனுக்கு அது என்ன சொல்லியிருக்கும்? உன் பக்கத்து வீட்டுக்காரியும் இப்படி இருக்கலாம் என்றுதான். 1510-ல் ஹான்ஸ் பால்டுங் என்ற ஜெர்மானிய ஓவியர், தலை விரித்த பெண்களும் கொப்பரையும் புகையுமாக ஒரு மரக்கட்டைச் சித்திரம் செதுக்கினார். அதன்பின் ஓவியர்கள் கிழவியாக, கூனியாக வரைந்து தள்ளினார்கள். 15-ஆம் நூற்றாண்டிலிருந்து 18-ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பாவில் இந்தக் குற்றத்துக்காகக் கொல்லப்பட்டவர்கள் நாற்பதாயிரம் முதல் அறுபதாயிரம் பேர் என்று சரித்திர ஆசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். பெரும்பாலோர் பெண்கள். கொலைகள் ஓய்ந்த பிறகு அந்த முகம் பிள்ளைகள் புத்தகத்துக்குப் போனது. 1937-ல் வால்ட் டிஸ்னியின் 'ஸ்னோ ஒயிட்'டில் ஆப்பிள் நீட்டும் கிழவியாகத் திரைக்கு வந்தது. அங்கிருந்து உலகத்துக் காமிக்ஸ் எல்லாவற்றுக்கும் பரவியது.

அன்றைக்கு வகுப்பில் இரண்டாவதாக ஒரு வேலை கொடுத்தேன். 'நாளைக்கு உங்க வீட்டுப் பாட்டியைப் பார்த்து வரைஞ்சுட்டு வாங்க.' மறுநாள் வந்த படங்களைப் பழைய படங்களுக்குப் பக்கத்தில் சுவரில் ஒட்டினோம். பல் போன வாய், உள்ளே ஒடுங்கிய கன்னம், அதனால் நீண்டு தெரியும் மூக்கும் முகவாயும், வளைந்த முதுகு, ஊன்றிய கோல். தொப்பியை எடுத்துவிட்டால் இரண்டு வரிசையும் ஒன்றுதான். வகுப்பில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. ஒரு பையன் மட்டும், 'சார், எங்க ஆயா அப்படியெல்லாம் இல்லைங்க சார்' என்றான்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எங்கள் குடும்பத்தில் அப்படி ஒருவர் இருந்தார். அப்பாவின் அக்கா. பாலக்கோடு பக்கத்துச் சிற்றூரில் வாழ்க்கைப்பட்டு, இளவயதில் கணவரை இழந்து, பிள்ளையும் இல்லாமல் தனியாக இருந்தவர். தொக்கம் எடுப்பார், சுளுக்குத் தடவுவார், பயந்த குழந்தைக்கு வேப்பிலை அடிப்பார், பிரசவத்துக்குக் கூப்பிட்டால் நடுராத்திரியிலும் போவார். காசு வாங்கியதில்லை, ராகியோ புளியோ கொடுத்தால் வாங்கிக்கொள்வார். தருமபுரி தனி மாவட்டமானது 1965 அக்டோபரில். அதற்கு அடுத்த வருஷமோ என்னவோ, அந்த ஊரில் ஒரு வீட்டில் கறவை மாடு செத்தது. அடுத்த மாதம் அதே வீட்டில் கைக்குழந்தை காய்ச்சலில் போய்விட்டது. காய்ச்சலுக்குக் கடைசியாக வேப்பிலை அடித்தது அத்தை. அவ்வளவு போதும் ஊருக்கு.

யாரும் அடிக்கவில்லை. கோயிலில் காசு வெட்டிப் போட்டார்கள். கிணற்றடிக்கு அத்தை போனால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். மாரியம்மன் பண்டிகைக்கு வீடு வீடாக வரி வசூலித்தவர்கள் அத்தை வீட்டைத் தாண்டிப் போனார்கள். கிராமத்தில் இருந்தவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும். வரி வாங்கவில்லை என்றால், நீ இந்த ஊர் ஆள் இல்லை என்று பொருள். அப்பா போய், ஒரு தகரப் பெட்டியும் ஒரு உலக்கையுமாக அத்தையை பஸ்ஸில் அழைத்து வந்தார். அதன்பின் சாகும்வரை எங்கள் வீட்டில்தான் இருந்தார். அந்த ஊர்ப் பேச்சை எடுக்கவே மாட்டார்.

அத்தைக்குப் படிக்கத் தெரியாது. நான் அம்புலிமாமா வாசித்துக் காட்டுவேன். அவர் படம் பார்ப்பார். வேதாளத்தைப் பார்த்துச் சிரிப்பார். 'பொணத்துக்குள்ள உக்காந்துக்கிட்டு இது ஞாயம் கேக்குது பாரு' என்பார். ஒருநாள் ஏதோ ஒரு கதையில் காட்டுக் குடிசையில் தனியாக இருந்து ராஜகுமாரனைக் கல்லாக்கும் கிழவி வந்தாள். அத்தை படத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: 'இவளுக்குப் புள்ளைங்க, கூடப் பொறந்தவங்க யாரும் இல்லையாடா தம்பி? ஒண்டியாவா காட்டுல இருக்கா?'

கதையில் அதற்குப் பதில் இல்லை. சூனியக்காரிக் கதைகள் எதிலும் அதற்குப் பதில் இருப்பதில்லை.

சுட்னி தேவியின் கதையும் அத்தையின் கதையைப் போலத்தான் தொடங்கியது. 1995-ல் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. காரணம் இவர்தான் என்றார்கள். ஆனால் அங்கே ஊர் ஒதுக்கியதோடு நிற்கவில்லை, அடித்தார்கள், அவமானப்படுத்தினார்கள். பிள்ளைகளோடு ஊரைவிட்டு ஓட வேண்டியதாயிற்று. பிறகு அவர், தம்மைப் போல முத்திரை குத்தப்பட்ட பெண்களுக்கு அடைக்கலம் கொடுத்து, போலீசுக்கும் கோர்ட்டுக்கும் அழைத்துப் போகிறவராக மாறினார். இந்தியாவில் இதற்கென்று முதலில் தனிச் சட்டம் கொண்டுவந்தது பீகார், 1999-ல். அதிலிருந்து பிரிந்த ஜார்க்கண்ட் 2001-ல் அதைத் தனதாக்கிக்கொண்டது. அந்தச் சட்டத்தின் பெயரிலேயே 'டாயன்' என்ற சொல் இருக்கிறது. இளங்கோவடிகள் காட்டிய இடாகினி, ஆயிரம் வருஷத்துக்கு மேல் நடந்து, சட்டப் புத்தகம்வரை வந்துவிட்டாள். நாடு முழுவதும் நடக்கும் கொலைகளுக்குக் காரணங்களை வகைப்படுத்தும் தேசியக் குற்றப் பதிவுத் துறை, சூனியம் என்று இன்றைக்கும் ஒரு தனிக் கட்டம் வைத்திருக்கிறது.

இப்போது பேரப்பிள்ளைகள் கையில் வழுவழுத் தாளில் வண்ணம் வண்ணமாகச் சூனியக்காரிப் படக்கதைகள். வேண்டாம் என்று பிடுங்காதீர்கள். நாமும் அப்படித்தான் படித்து வளர்ந்தோம். வரைந்தவர்களின் கை வேலையும் பல இடங்களில் பிரமாதம். ஒளியும் நிழலும் பார்த்து நானே பக்கத்தைத் திருப்பாமல் உட்கார்ந்ததுண்டு. படித்து முடித்ததும், காரைக்கால் அம்மையார் கதையையும், வெறுங்கையை நக்கிய கலிங்கத்துப்பரணிப் பேய்கள் கதையையும் கூடவே சொல்லுங்கள். உங்கள் ஊரிலும் வரி வாங்காமல் தாண்டிப் போன வீடு ஒன்று இருந்திருக்கும். அந்த வீட்டில் இருந்தவரின் கதை உங்களுக்குத் தெரிந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். நம் வயதுக்காரர்கள் சொல்லாவிட்டால் அதைச் சொல்ல வேறு ஆள் இல்லை.